இந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது?

வீட்டு பிளாஸ்டிக் பொருள்கள் பற்றி விவசாயக் குடும்பங்கள் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

வாரச்சந்தை கூடும் ஊர்களில், பாத்திரக் கடைகளுக்குப் பக்கத்தில் நீல நிற டிரம்களை அடுக்கி வைத்து விற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் 200 லிட்டர் பிடிக்கும். கோடை தொடங்கி, தெருக்குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் தண்ணீர் என்ற நிலை வந்ததும் இந்த டிரம்களுக்குக் கிராக்கி கூடிவிடும். புது டிரம் வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள் பழையதைத்தான் தேடுவார்கள்.

"அண்ணே, இதுல முன்ன என்ன இருந்துச்சு?"

"ஜூஸ் கம்பெனி டிரம்முங்க. சோப்புப் போட்டுக் கழுவியாச்சு. மோந்து பாருங்க, ஒரு வாசமும் இருக்காது."

வாங்க வந்தவர் மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறார். வாசம் ஒன்றும் இல்லை. விலையில் ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டு வண்டியில் ஏற்றிவிடுகிறார். அன்று மாலையே அதில் குடிநீர் நிரம்புகிறது.

அவர் கேட்ட கேள்வி சரியானது. கிடைத்த பதிலைத்தான் சரிபார்க்க வழியில்லை. சாயப்பட்டறை, தோல் பதனிடும் தொழிற்சாலை, ரசாயனக் கம்பெனி, உணவுக் கம்பெனி என எல்லா இடங்களிலிருந்தும் பழைய டிரம்கள் சந்தைக்கு வருகின்றன. கழுவிய பிறகு பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பிளாஸ்டிக் என்றாலே விஷம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. எதை வேண்டுமானாலும் ஊற்றி வைக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை. சொட்டுநீர்க் குழாய், நாற்றங்கால் தட்டு, விதைப் பை, தண்ணீர்த் தொட்டி என்று பிளாஸ்டிக் இல்லாமல் இன்று விவசாயம் இல்லை. வீட்டில் அதைப் பத்திரமாகப் பயன்படுத்த மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, இதில் முன்பு என்ன இருந்தது? இரண்டு, இது எந்த வகை பிளாஸ்டிக்? மூன்று, இப்போது இதில் வைக்கப்போவது சூடானதா, எண்ணெயா, புளிப்பா?

இந்த வரிசையும் முக்கியம். முதல் கேள்வியைத் தவறவிட்டால் அன்றைக்கே உயிர் போகலாம். மற்ற இரண்டும் நாள்பட்ட கெடுதல் சம்பந்தப்பட்டவை.

முதல் கேள்வி: முன்பு என்ன இருந்தது?

2013-ம் ஆண்டு ஜூலை 16-ம் தேதி. பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் உள்ள கண்டாமன் கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் குழந்தைகள் மதிய உணவு சாப்பிட்டார்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் வாந்தி, வயிற்றுவலி. அடுத்தடுத்து 23 குழந்தைகள் இறந்துபோனார்கள். தடயவியல் பரிசோதனையில், சமைத்த எண்ணெயிலும் மிச்சமிருந்த உணவிலும் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது தெரியவந்தது. பூச்சிக்கொல்லி இருந்த கலனில் சமையல் எண்ணெயை வைத்திருக்கலாம் என்று அதிகாரிகள் அப்போதே சந்தேகம் தெரிவித்தார்கள். காய்கறிப் பயிர்களில் தெளிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை செய்யப்பட்ட மருந்து அது.

அந்தக் கிராமமும் நம் ஊரைப் போன்ற விவசாயக் கிராமம்தான். மருந்தும் எண்ணெயும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மாதிரியான டப்பாக்களில் இருக்கும் வீடுகள் இங்கேயும் ஏராளம். ஐந்து லிட்டர் களைக்கொல்லி கேனை அலசிவிட்டு மண்ணெண்ணெய்க்கு வைத்துக்கொள்வார்கள். சில மாதம் கழித்து அதே கேன் கடலை எண்ணெய் வாங்கச் செக்குக்குப் போகும். மேல்பாதியை வெட்டியெடுத்த மருந்து கேன் தண்ணீர் மோளும் குவளையாகும். லேபிள் கிழிந்துபோன பிறகு அது என்ன கேன் என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவிருக்காது.

"நல்லாக் கழுவிட்டா போதாதா?" என்று கேட்கலாம். போதாது. காரணம் பிளாஸ்டிக்கின் தன்மையிலேயே இருக்கிறது. கண்ணாடியிலும் எவர்சில்வரிலும் உள்ளே வைத்த பொருள் மேல்பரப்போடு நின்றுவிடும். கேன் செய்யும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கின் சுவருக்குள் எண்ணெய்த் தன்மையுள்ள ரசாயனங்கள் மெல்ல ஊறி இறங்கும். ஈ.சி. என்று லேபிளில் போட்டிருக்கும் மருந்துகளில் கரைப்பானாக எண்ணெய் போன்ற திரவம்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் அது கேனின் சுவரில் ஊறியிருக்கும். சோப்பும் தண்ணீரும் மேல்பரப்பைத்தான் கழுவும். பிறகு அதே கேனில் சமையல் எண்ணெய் ஊற்றினால், சுவரில் ஊறியிருந்தது திரும்ப எண்ணெயில் இறங்கும். மஞ்சள் தூள் போட்ட குழம்பு பிளாஸ்டிக் டப்பாவில் ஏற்றிய மஞ்சள் கறை எத்தனை கழுவினாலும் போவதில்லை. அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. மருந்துக்கு நிறம் இல்லாததால் கண்ணில் படுவதில்லை.

இந்தியப் பூச்சிக்கொல்லி விதிகள், 1971-ல் 44-வது விதி இதைப் பற்றித் தெளிவாகச் சொல்கிறது. காலியான மருந்துக் கலன்களை மறுபடி பயன்படுத்த முடியாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும். வெளியே போட்டு வைக்கக் கூடாது. தோட்டத்தில் செய்ய வேண்டியது இதுதான்:

• மருந்து தீர்ந்ததும் பாட்டிலைத் தெளிப்பான் டேங்க் மீது கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை வடிய விடவும்.

• கால் பங்கு தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் டேங்கிலேயே ஊற்றவும். இப்படி மூன்று முறை. மருந்தும் வீணாகாது, கழுவிய தண்ணீர் வாய்க்காலுக்கும் போகாது.

• பிறகு பாட்டிலின் அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்டுவிடவும். ஓட்டை விழுந்த பாட்டில் எந்த வீட்டுக்கும் எண்ணெய்க் கேனாகப் போகாது.

• காலிக் கலன்களைத் திரும்பப் பெறும் ஏற்பாடு இருக்கும் இடத்தில் அங்கே ஒப்படைக்கலாம். இல்லாத இடத்தில் கிணறு, வாய்க்கால், வீடு மூன்றுக்கும் தள்ளிப் புதைக்க வேண்டும். எரிக்கக் கூடாது. பழைய பிளாஸ்டிக் வாங்க வருபவரிடம் போடவும் கூடாது.

இந்த மூன்று முறை அலசல், கேனைப் பத்திரமாக அப்புறப்படுத்துவதற்கான வழி. அலசிய பிறகு கேன் வீட்டுக்கு ஆகும் என்று அர்த்தமில்லை.

எதிர்த் திசையிலும் ஆபத்து வருகிறது

மருந்துக் கேனில் உணவுப் பொருள் வைப்பது ஒரு தவறு. குளிர்பான பாட்டிலில் மருந்து வைப்பது அதைவிடப் பெரிய தவறு. கடையில் ஒரு லிட்டர் மருந்து வாங்கி நான்கு பேர் பங்கு போட்டுக்கொள்ளும்போது, கைக்குக் கிடைத்த தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொள்வது கிராமங்களில் சகஜம். மீதி மருந்து அப்படியே வீட்டு மாடத்தில் உட்காரும். ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய்க்கும் இதே கதை. பள்ளிக்கூடம் விட்டு ஓடி வரும் குழந்தை தாகத்தில் பாட்டிலை எடுத்துக் குடித்துவிடும். இருட்டில் பெரியவர்களே ஏமாறுகிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிமருந்தே கிடையாது. ஒரு வாய் விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து.

எந்த மருந்தும் அதன் சொந்தப் பாட்டிலில், லேபிளோடு, பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும். லேபிளில் உள்ள முக்கோண நிறத்தை வீட்டில் உள்ள அனைவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தடுத்த படியில் மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் நஞ்சுதான், கடுமை குறைவு, அவ்வளவே.

தவறி யாராவது குடித்துவிட்டால், உப்புக் கரைசலோ புளிக்கரைசலோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எண்ணெய்க் கரைப்பான் உள்ள மருந்து, வாந்தியின்போது நுரையீரலுக்குள் போய்ச் சேதத்தைக் கூட்டும். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். மருந்து பாட்டிலை லேபிளோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேண்டும். எந்த நஞ்சு என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான முறிமருந்தைத் தொடங்க முடியும்.

யூரியா சாக்கும் விதைப் பையும்

கேன், பாட்டிலைப் போலவே சாக்குக்கும் முன்கதை உண்டு. யூரியா சாக்கு கனமாக, கிழியாமல் இருக்கும். அதனால் நெல், தவிடு, பருத்திக்கொட்டை கட்டி வைக்க அதைத்தான் எடுக்கிறார்கள். சாக்கின் தையலிலும் மடிப்பிலும் யூரியாக் குருணைகள் ஒட்டியிருக்கும். ஆடு மாடுகளின் முதல் வயிற்றில் யூரியா வேகமாக அம்மோனியாவாக மாறும். அளவு கூடினால் வயிறு உப்பி, நடுங்கி, சில மணி நேரத்தில் மாடு சாய்ந்துவிடும். யூரியா கரைத்த டிரம்மில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் இப்படித்தான் முடியும்.

மருந்து கலந்து நேர்த்தி செய்த விதை வரும் பைகள் இன்னும் மோசம். விதையில் இருக்கும் சிவப்பு, பச்சைச் சாயம், அது சாப்பிடக் கூடாதது என்பதற்கான எச்சரிக்கை. அந்தப் பையில் வீட்டுக்கு அரிசியோ, பயறோ, கோழித்தீவனமோ வைக்கக் கூடாது. தானியத்துக்கென்று புதுச் சாக்கு வாங்கி, "சாப்பாட்டுக்கு மட்டும்" என்று அழியாத மையில் எழுதி வைத்துவிட்டால் குழப்பம் வராது.

இரண்டாம் கேள்வி: எந்த வகை பிளாஸ்டிக்?

டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சிறிய முக்கோணம், அதற்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். 1988-ல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் அமைப்பு ஒன்று கொண்டுவந்த முறை இது. மறுசுழற்சி செய்யும் இடத்தில் வகை பிரிப்பதற்காக வந்த எண். பாதுகாப்புக்கான மதிப்பெண் அல்ல. "5-ம் நம்பர் நல்லது" என்று மட்டும் நினைத்துக்கொண்டு, 5 போட்ட பெயின்ட் வாளியில் மாவு கரைக்கக் கூடாது. ஆனாலும் எண் தெரிந்தால் டப்பாவின் குணம் தெரியும்.

1 (பெட்): தண்ணீர், குளிர்பான பாட்டில், சமையல் எண்ணெய் பாட்டில். குளிர்ந்த திரவத்துக்கு ஏற்றது. சுமார் 75 டிகிரி வெப்பத்திலேயே இளகும். வெந்நீர் ஊற்றினால் பாட்டில் சுருங்கிக் கோணுவது இதனால்தான்.

2 (ஹெச்.டி.பி.ஈ.): கேன், டிரம், குடம், வாளி. உறுதியானது. உணவுக்கென்றே தயாரான புதிய கலனாக இருந்தால் தண்ணீர் வைக்க நல்லது. மருந்துக் கேன்களும் பெரும்பாலும் இதே வகை என்பதால்தான் முதல் கேள்வி முக்கியமாகிறது.

3 (பி.வி.சி.): குழாய், வளையும் ஓஸ், தரைவிரிப்பு, ரெக்சின். கெட்டியான குழாய் வேறு, வளையும் ஓஸ் வேறு. ஓஸ் வளைவதற்காகத் தாலேட் போன்ற மென்மையாக்கிகளைச் சேர்த்திருப்பார்கள். அவை எண்ணெயிலும் சூட்டிலும் சுலபமாக வெளியேறும். உணவுப் பொருளுக்கு இது ஆகாது.

4 (எல்.டி.பி.ஈ.): பால் கவர், மெல்லிய பைகள். குளிர்ந்த பொருளுக்குச் சரி. சூடு பட்டால் தளரும். சுமார் 110 டிகிரியில் உருகிவிடும்.

5 (பாலிபுரோப்பிலீன்): டிபன் டப்பா, மசாலா டப்பா, தயிர் கப். உருகுவதற்கு 160 டிகிரிக்கு மேல் வேண்டும். வீட்டு பிளாஸ்டிக்குகளில் சூட்டைத் தாங்குவதில் முன்னே நிற்பது.

6 (பாலிஸ்டைரீன்): தெர்மாகோல் தட்டு, கப், ஒருமுறை டம்ளர்கள். சூடும் எண்ணெயும் இதற்கு ஆகாது. வீட்டில் உணவுக்கு வேண்டவே வேண்டாம்.

7 (மற்றவை): மேலே சொன்ன ஆறிலும் சேராத எல்லாம். 20 லிட்டர் தண்ணீர் கேன்களில் ஒரு பகுதி பாலிகார்பனேட் என்ற வகை. அதற்கும் இந்த எண்தான்.

எண்ணோடு இன்னொரு குறியையும் தேடுங்கள். டம்ளரும் முள்கரண்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது போன்ற சின்னம் இருந்தால், அந்தப் பொருள் உணவு வைப்பதற்காகத் தயாரிக்கப்பட்டது என்று பொருள். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் கொண்டுவந்த விதிகளின்படி, உணவு அடைக்கும் பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் எதுவும் கசியக் கூடாது. சந்தையில் எடைக்கு விற்கும் வாளிகளும், நிறம் நிறமாகத் தொங்கும் பைகளும் இப்படிச் சோதனைக்குப் போய் வந்தவை அல்ல. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்ததில் எது எது கலந்திருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது. கறுப்பும் அடர்நிறமும் கலப்பை மறைப்பதற்கு வசதியான நிறங்கள்.

மூன்றாம் கேள்வி: சூடா, எண்ணெயா, புளிப்பா?

நல்ல பிளாஸ்டிக்கிலும் மிகச் சிறிய அளவில் ரசாயனங்கள் உணவில் இறங்கும். அந்த அளவைக் கூட்டுபவை நான்கு: சூடு, எண்ணெய், புளிப்பு, நீண்ட நாள். சாம்பாரில் முதல் மூன்றும் உண்டு. ஊறுகாயில் எண்ணெயும் புளிப்பும் உண்டு. அதோடு அது மாதக்கணக்கில் இருக்கும். ஊறுகாயைப் பாட்டிமார் பீங்கான் ஜாடியில் போட்டதற்குப் பின்னால் அனுபவ அறிவு இருக்கிறது.

காலை டீக்கடையில் கொதிக்கக் கொதிக்கப் பையில் டீ வாங்கி வயலுக்குக் கொண்டுபோவது பல ஊர்களில் வழக்கம். நடவு ஆட்களுக்குச் சாம்பாரும் ரசமும் அப்படித்தான் போகின்றன. 90 டிகிரி சூட்டில், மெல்லிய பையில், எந்தச் சோதனையும் இல்லாத பிளாஸ்டிக் சேர்கிறது. ஓட்டல்களில் இட்லித் தட்டில் துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளை விரித்து வேகவைக்கும் பழக்கமும் பரவியது. அதை 2025-ல் கர்நாடக அரசு தடை செய்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் எந்தத் தடிமனிலும் பிளாஸ்டிக் கைப்பை, பிளாஸ்டிக் டீ கப், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், உறிஞ்சுகுழல் உட்பட 14 வகைப் பொருள்களுக்குத் தடை இருக்கிறது. ஆள் வைத்து வேலை செய்யும் வீடுகளில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியும் ஒரு பிளாஸ்க்கும் இருந்தால் இந்தப் பிரச்னையே இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் பிஸ்பீனால்-ஏ என்ற பொருள், உடலில் ஹார்மோன் போல நடந்துகொள்ளக் கூடியது. ஐரோப்பிய ஒன்றியம் 2011-ல் அதைக் குழந்தைகளின் பால் பாட்டில்களில் தடை செய்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2015-ல் பால் பாட்டிலுக்கான தரத்தை மாற்றி, பாலிகார்பனேட்டை விலக்கியது. தாய்ப்பால்தான் முதல் தேர்வு. அதற்கு வழியில்லாத நிலையில் சங்கும் எவர்சில்வர் பாலாடையும் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கின்றன. சுத்தம் செய்வதும் சுலபம்.

தண்ணீர்த் தொட்டியும் குழாயும்

மாடியில் வைக்கும் தொட்டி வாங்கும்போது ஐ.எஸ். 12701 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். பாலிஎத்திலீன் தண்ணீர்த் தொட்டிக்கான இந்தியத் தரம் அது. தொட்டிக்குக் கறுப்பு நிறம் தருவது, வெயிலைத் தாங்குவதற்காகச் சேர்க்கும் கார்பன் தூள். உள்ளே வெளிச்சம் போகாது என்பதால் பாசியும் பிடிக்காது. எடைக்கு விற்கும் பைகளின் கறுப்பும் தரமான தொட்டியின் கறுப்பும் ஒன்றல்ல. குடிநீருக்கான கெட்டியான பி.வி.சி. குழாய்க்கு ஐ.எஸ். 4985. வெந்நீர் ஓடும் இடத்தில் சாதாரண பி.வி.சி. ஆகாது, சி.பி.வி.சி. போட வேண்டும்.

தோட்டத்து ஓஸில் வாய் வைத்துக் குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வெயிலில் கிடந்த ஓஸுக்குள் தேங்கிய தண்ணீரில் பிளாஸ்டிக் வாடையே அடிக்கும். மோட்டாரைப் போட்டதும் முதலில் வரும் சூடான தண்ணீரைச் செடிக்கு விட்டுவிட வேண்டும்.

அடுப்பிலும் மாட்டின் வயிற்றிலும்

வெந்நீர் அடுப்பைப் பற்றவைக்கப் பால் கவரையும் கைப்பையையும் கொளுத்துவது பல வீடுகளில் அன்றாட வேலை. ஊதுகுழலோடு அடுப்புக்கு முன்னால் உட்காருபவர் அந்தப் புகையை முழுக்க உள்ளே இழுக்கிறார். அந்தக் குப்பையில் பி.வி.சி. ஓஸ், ரெக்சின், ஒயர் துண்டு கலந்திருந்தால், கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் டயாக்சின் என்ற கொடிய நஞ்சும் வெளிவரும். சாம்பலிலும் அது தங்கும். அந்தச் சாம்பலைத்தான் கீரைப் பாத்தியில் தூவுகிறார்கள். காய்ந்த தேங்காய் மட்டையும் கொட்டாங்கச்சியும் இருக்கும் வீட்டில் பிளாஸ்டிக்கை எரிக்க வேண்டிய அவசியமே இல்லை.

தூக்கி எறிந்த பைக்கு இன்னொரு பயணமும் உண்டு. மிச்சச் சோற்றையும் காய்கறித் தோலையும் பையில் போட்டு முடிச்சிட்டு எறிந்தால், மாடு பையோடு விழுங்கிவிடும். பை முதல் வயிற்றிலேயே தங்கும். செரிக்காது, வெளியேறவும் செய்யாது. ஒன்றோடொன்று பின்னிக் கயிறு போல உருண்டுவிடும். தீனி குறையும், அசைபோடுவது குறையும், அடிக்கடி வயிறு உப்பும், பால் வற்றும், மாடு எலும்பும் தோலுமாகும். முற்றிவிட்டால் கால்நடை மருத்துவர் வயிற்றைக் கிழித்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிளாஸ்டிக் விழுங்கிய மாட்டைத் தரகரிடம் தள்ளிவிடும் குடும்பம், இழப்பு எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் இருக்கும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பஞ்சகவ்யா, ஜீவாமிர்தம் தயாரிக்க பிளாஸ்டிக் டிரம் ஆகுமா?

ஆகும். மண்பானை, சிமென்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம் மூன்றுமே ஏற்றவை. உலோகப் பாத்திரம்தான் ஆகாது. மருந்தோ ரசாயனமோ இருந்த டிரம் மட்டும் வேண்டாம். அதில் மிஞ்சியிருக்கும் நஞ்சு, நீங்கள் பெருக்க நினைக்கும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடும்.

பழைய டிரம்மைப் பாதியாக வெட்டி மாட்டுத் தொட்டியாக வைக்கலாமா?

முன்பு என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வைக்கலாம். கொழுப்பில் கரையும் சில நஞ்சுகள் மாட்டின் உடம்போடு நிற்பதில்லை, பாலிலும் இறங்கும். அந்தப் பாலை முதலில் குடிப்பது வீட்டுக் குழந்தைதான்.

தண்ணீர் பாட்டிலை மறுபடி மறுபடி நிரப்பிக் குடிக்கலாமா?

சில நாள் பயன்படுத்துவதில் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் வாய் குறுகலாக இருப்பதால் உள்ளே தேய்த்துக் கழுவ முடியாது; கிருமி வளரும். வெந்நீர் ஊற்றிக் கழுவவும் முடியாது. வெயிலில், வரப்பில், டிராக்டரில் கிடந்த பாட்டிலைத் தவிர்க்கவும். வயலுக்கு எவர்சில்வர் பாட்டில் ஒன்று வாங்கினால் பல வருடம் வரும்.

சங்கத்துக்குப் பால் கொண்டுபோக பிளாஸ்டிக் கேன் சரியா?

எவர்சில்வர் அல்லது அலுமினியக் கேன்தான் நல்லது. தேய்க்கத் தேய்க்கப் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். கீறலுக்குள் பால் கொழுப்பும் கிருமியும் தங்கி, பால் சீக்கிரம் திரிந்துபோகும்.

'பி.பி.ஏ. ஃப்ரீ' என்று போட்டிருந்தால் பயமில்லாமல் வாங்கலாமா?

பிஸ்பீனால்-ஏ இல்லை என்பது மட்டுமே அதற்குப் பொருள். அந்த டப்பாவிலும் கொதிக்கும் குழம்பை ஊற்றக் கூடாது. ஆறிய பிறகு ஊற்றினால் பாதிப் பிரச்னை தீர்ந்தது.

டப்பாவை எப்போது தூக்கிப்போட வேண்டும்?

வெளிறிப்போனால், பிசுபிசுத்தால், கீறல் நிறைந்தால், விரிசல் விட்டால், கழுவியும் வாடை போகாவிட்டால். அதன் பிறகு அது உணவுக்கு ஆகாது. ஆணி, கயிறு, துணி கவ்வி போட்டு வைக்கலாம்.

ஒரு மணி நேர வேலை

வீட்டில் உள்ள பிளாஸ்டிக் முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. செலவும் பெரிதாக இல்லை. வேலை இல்லாத ஒரு நாள் காலையில் வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் சேர்ந்து பின்கட்டு, மாட்டுத் தொழுவம், மோட்டார் அறை மூன்றையும் ஒருமுறை சுற்றி வரலாம். கையில் ஒரு மார்க்கர் பேனா போதும். ஒவ்வொரு கேனையும் டிரம்மையும் சாக்கையும் எடுத்து, "இதுல முன்ன என்ன இருந்துச்சு?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம். பதில் தெரிந்தால் அதையே கேன் மீது எழுதிவிடுங்கள்: குடிநீர், எண்ணெய், மாட்டுத் தண்ணீர், மருந்து. மருந்து என்று எழுதியது எதுவும் சமையலறை வாசலைத் தாண்டக் கூடாது. இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை என்றால், அந்தக் கேனில் குடிக்கவோ சாப்பிடவோ எதையும் வைக்க வேண்டாம். ஓட்டை போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

சந்தையில் அடுத்த முறை நீல டிரம்மைப் பார்க்கும்போதும் இதே கணக்குத்தான். ஜூஸ் டிரம் என்று அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையா என்று பார்க்க முடியாத டிரம்மில் குடிநீர் வைக்க வேண்டாம். குறைத்து வாங்கிய அந்த ஐம்பது ரூபாய், ஒரு நாள் ஆஸ்பத்திரி ஆட்டோவுக்கே காணாது.